கட்டற்ற கணினி வீட்டுக்கு வந்த கதை – 11: கறுப்புத் திரையில் ஒரு பட்டியல்

சென்ற வாரம் சென்னை நந்தனத்தில் நிறுத்தியிருந்தோம். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2006–07 வாக்கில் தன் அலுவலகத்துக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுக்காக எல்காட் வாங்கும் கணினிகளிலும் அதையே கொண்டுவர முயன்றார். பிறகு அவர் வேறு பொறுப்புக்குப் போனார். வேகம் தணிந்தது.

அதுவரைக்கும் தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு இடம் அலுவலக மேசையிலும் கல்லூரி ஆய்வகத்திலும்தான். லினக்ஸ் பிறந்ததோ ஒரு வீட்டில். 1991 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஹெல்சிங்கியில் தன் வீட்டுக்கு வாங்கி வைத்த 386 கணினியில் எழுதத் தொடங்கியது அது. வீட்டில் பிறந்த பொருள் நம் ஊர் வீடுகளுக்குள் நுழைய இருபது ஆண்டுகள் ஆயின.

நுழைந்தபோது ஒன்றிரண்டு வீடுகளில் நுழையவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் நுழைந்தது. அவற்றில் தென்காசி, குற்றாலம் வட்டாரத்து வீடுகளை இந்த வாரம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

2011, செப்டம்பர் 15

அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த விழாவில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும், அப்படிப்பட்ட கலை, அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி. ஐந்தாண்டுகளில் 68 லட்சம் பேருக்கு என்று இலக்கு வைத்தார்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல்.

உலகத்தில் அதுவரை எந்த மாநில அரசும் இந்த அளவில் கணினி வாங்கி வீட்டுக்குக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான். வாங்கும் பொறுப்பு எல்காட்டுக்கு.

இத்தனை லட்சம் கணினி வாங்கும்போது டெண்டரில் வரும் ஒரு வரிக்குப் பெரிய விலை உண்டு. இயங்குதளம் எது என்ற வரி. விண்டோஸ் என்றால் ஒவ்வொரு கணினிக்கும் உரிமத் தொகை. லினக்ஸ் என்றால் அது இல்லை. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் லினக்ஸ் மட்டும் போதும் என்று வாதாடினார்கள். பழகிய விண்டோஸ் இல்லாமல் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மறுபக்கம் கேட்டது.

கடைசியில் இரண்டும் வந்தன. ஒரே வன்தட்டில் ஒரு பாகத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொரு பாகத்தில் பாஸ் லினக்ஸ்.

யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத முடிவு. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லாத் திருப்பங்களையும்விட இதையே பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சென்னையில் வளர்ந்தது

பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. அதற்குப் பின்னணியில் இருந்த கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்திருந்தது. முதல் பதிப்பு 2007இல் வந்தது.

அடித்தளம் டெபியன். 1993இல் அயன் மர்டாக் தொடங்கி, தன்னார்வலர்கள் கட்டி எழுப்பிய டெபியனை இந்தத் தொடரின் நான்காம் பகுதியில் விரிவாகப் பார்த்தோம். அதன்மேல் இந்திய மொழிகளின் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், மொழிபெயர்த்த பட்டியல்கள் ஆகியவற்றை ஏற்றினார்கள் சென்னைக்காரர்கள்.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் அப்படியல்ல. அது விண்டோஸ் வகைகளிலேயே அடிமட்டம். மேசைத் திரையின் பின்படத்தை மாற்றக்கூட அனுமதி கிடையாது. 2 ஜிபிக்கு மேல் நினைவகம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. பாஸில் இந்தத் தடைகள் எதுவும் இல்லை. கடிதம் எழுத, கணக்குப் போட, நிரல் எழுத, படம் வரைய எல்லாமே உள்ளே இருந்தன. வேண்டியதை மேலும் இறக்கிக்கொள்ளவும் முடியும், காசில்லாமல்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது கூடுதலாகத் தந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்தது வேறு.

மேலகரத்தில் ஒரு வீடு

தென்காசி அப்போது தனி மாவட்டம் அல்ல. 2019 நவம்பரில்தான் அது பிரிந்தது. 2011இல் அது திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு ஓரம். நெல் வயல், செங்கல் சூளை, மர அறுவை மில், பீடி சுற்றும் வீடுகள். ஜூன் பிறந்தால் சாரல், குற்றாலத்தில் சீசன் கடைகள். கணினி என்றால் பஸ் நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்கார வேண்டும்.

மேலகரத்திலோ இலஞ்சியிலோ ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கும் பெண். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா மில்லில் வேலை. அந்த வீட்டுக்குள் வந்த முதல் கணினி, மூடியில் முதலமைச்சர் படத்தோடு வந்த அந்த மடிக்கணினிதான். கடையில் விலை கேட்டிருந்தால் திரும்பி வந்திருப்பார்கள்.

அது மடிக்கணினியாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று. 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரன்ட் இருக்கும் நேரம் குறைவு, இல்லாத நேரம்தான் அதிகம் என்று நாட்கள் போயின. பேட்டரி உள்ள கணினி மட்டும்தான் அந்த வீடுகளில் ஓடியிருக்க முடியும்.

பொத்தானை அழுத்தினால் முதலில் வருவது கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல். ஒரு வரியில் பாஸ், இன்னொரு வரியில் விண்டோஸ். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்து என்டர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சில நொடிகளில் கணினியே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

க்ரப் என்ற அந்தச் சின்ன நிரல்தான் நம் கதையின் வாசல். ஒவ்வொரு நாளும், கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு பிளஸ் டூ மாணவியிடம் அது கேட்டது: எது வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை.

ஷார்ட்கட் வைரஸ்

பாஸ் முதலில் வென்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டுகளில் பென் டிரைவ் இல்லாத மாணவர் இல்லை. பாட்டு, படம், பிராஜெக்ட் எல்லாம் அதில்தான் கைமாறின. பிரவுசிங் சென்டரில் ஒருமுறை செருகி எடுத்தால் போதும், உள்ளே உள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். திறந்தால் ஒன்றும் வராது. திறந்த கணினிக்கும் தொற்றிக்கொள்ளும்.

அதே பென் டிரைவை பாஸில் செருகினால் கதை வேறு. விண்டோஸுக்காக எழுதிய அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது. அது மறைத்துவைத்த ஃபோல்டர்கள் பாஸில் கண்ணெதிரே தெரியும். ஷார்ட்கட்டுகளைத் தேர்ந்து அழித்துவிட்டு, வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆன்டிவைரஸ் வாங்கக் காசு இல்லாத வீட்டில் இதைவிடப் பெரிய உதவி என்ன?

இதைத் தெரிந்துகொண்ட பையன்கள் வகுப்பில் மதிப்பு பெற்றார்கள். 'அவன்ட்ட குடு, அவன் பாஸ்ல போட்டு எடுத்துத் தருவான்' என்று பென் டிரைவ்கள் கைமாறின. பாடத்திட்டம் சொல்லவில்லை, அரசாணை சொல்லவில்லை. தேவை வந்தபோது பாஸை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இப்படி இன்னும் நான்கு தேவைகள் அமைந்திருந்தால் கதை மாறியிருக்கும். அமைந்ததோ நேர்மாறாக.

டாங்கிள்

முதல் அடி இணையத்திலிருந்து விழுந்தது.

அந்த வீடுகளில் தொலைபேசி இணைப்பே பெரும்பாலும் இல்லை; பிராட்பேண்ட் எங்கே வரும்? யூஎஸ்பியில் செருகும் டாங்கிள்தான் ஒரே வழி. அந்த டாங்கிளுக்குள் ஒரு ரகசியம் உண்டு. செருகியவுடன் அது தன்னை மோடமாகக் காட்டிக்கொள்ளாது. ஒரு குறுவட்டாகக் காட்டிக்கொள்ளும். அந்தப் போலி வட்டுக்குள் விண்டோஸுக்கான நிறுவு நிரல் இருக்கும். அது ஓடி முடித்த பிறகே மோடமாக மாறும்.

லினக்ஸில் அந்த நிரல் ஓடாது. ஆகவே செருகிய டாங்கிள் குறுவட்டாகவே உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டி மோடமாக்க யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்றொரு கருவி இருந்தது. அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும்.

இதில் பாஸைச் செய்தவர்களின் குற்றம் அதிகமில்லை. டாங்கிள் விற்றவர்கள் விண்டோஸை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்தார்கள். ஆனால் மேலகரத்து வீட்டில் அந்த நியாயம் யாருக்குத் தெரியும்? விண்டோஸில் நெட் வருகிறது, பாஸில் வரவில்லை. அவ்வளவுதான்.

பாடநூலின் முதல் வரி

இரண்டாவது அடி பாடநூலிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அப்போதைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி எதைக் கற்றுக்கொடுத்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் வேர்டை அல்ல. ஸ்டார் ஆபீஸை. ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரஸ் என்று அத்தியாயம் அத்தியாயமாக.

ஸ்டார் ஆபீஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது. 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். அதிலிருந்து 2010இல் கிளைத்தது லிப்ரே ஆபீஸ். பாஸுக்குள் இருந்த அலுவலகத் தொகுப்பும் இதே குடும்பத்துப் பிள்ளை. பட்டியலின் பெயர், பொத்தானின் இடம்கூடப் பெரிய அளவில் மாறாது.

அதாவது, பாடநூலின் முதல் தொகுதியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்க, அரசு கொடுத்த மடிக்கணினியில் எல்லாமே தயாராக இருந்தன. பாடநூல் எழுதியவர்களும் அரசின் ஆட்கள், மடிக்கணினி வாங்கியவர்களும் அரசின் ஆட்கள். இரண்டையும் இணைத்து, 'இந்தப் பாடத்தை பாஸில் இப்படித் திறந்து செய்து பார்' என்று ஒரு பக்கம் அச்சடித்து மடிக்கணினிப் பைக்குள் வைத்திருந்தால் போதும்.

இரண்டாம் தொகுதியில் சி++. அங்கே நிலைமை மோசம். பாடநூல் நிரல்கள் டர்போ சி++க்காக எழுதப்பட்டவை. அது 1990களின் டாஸ் காலத்து மென்பொருள். நிரலின் முதல் வரியிலேயே 'ஐயோஸ்ட்ரீம்.எச்' என்று வரும். 1998இல் சி++ மொழிக்குத் தரநிலை வந்தபோதே அந்த '.எச்' போய்விட்டது. பாஸில் இருந்த ஜி++ தரநிலையைப் பின்பற்றும் நிரல்மாற்றி.

மாணவி பாடநூலைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறாள். ஓடவிடுகிறாள். முதல் வரியிலேயே பிழை. அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது கணினி. '.எச்' என்பதை எடுத்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்து, திரையைத் துடைக்கும் கட்டளையை நீக்கினால் ஓடிவிடும். யார் சொல்லித்தருவது? விண்டோஸ் பக்கம் போனால் டர்போ சி++ பாடநூலில் உள்ளபடியே ஓடுகிறது. செய்முறைத் தேர்வும் அதில்தான்.

பிளஸ் டூ வைத்திருக்கும் வீட்டில் தேர்வைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டா?

'எடுத்துட்டுப் போட்டுத் தாரேன்'

மூன்றாவது அடி விழுந்தது சர்வீஸ் கடையில்.

ஒருநாள் விண்டோஸ் மெதுவாகிவிடும், அல்லது வைரஸ் ஏறிவிடும். தென்காசியில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே. நெட்டும் சரியா வரமாட்டேங்கு."

"ஓஎஸ் போயிருக்கும்மா. ஃபார்மட் அடிச்சிரலாம். இதுல ரெண்டு கிடக்கு பாரு, பாஸுன்னு ஒண்ணு. அது எதுக்கு உனக்கு?"

"தெரியலண்ணே. ஸ்கூல்ல குடுத்தது."

"எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுத் தாரேன். இடமும் மிச்சம்."

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கணினியை ஓடவைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த வீடுகளுக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்ப உதவி அவர்கள்தான். அவர்களுக்கும் யாரும் பாஸைக் காட்டவில்லை. கையில் இருந்தது உரிமம் இல்லாத விண்டோஸ் வட்டு; அதைப் போட்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் பாஸை அழித்தார்கள் என்றில்லை. பல இடங்களில் விண்டோஸை மட்டும்தான் புதிதாக ஏற்றினார்கள். ஆனால் விண்டோஸ் 7 நிறுவப்படும்போது வன்தட்டின் முகப்பில் உள்ள தொடக்கப் பகுதியில் தன் நிரலை எழுதிவிடும். அங்கே இருந்த க்ரப் காணாமல் போகும். கறுப்புத் திரையும் வராது, பட்டியலும் வராது.

பாஸ் அந்த வன்தட்டிலேயே முழுசாக இருக்கும். லினக்ஸின் கோப்பு முறையை விண்டோஸால் படிக்க முடியாது என்பதால் 'மை கம்ப்யூட்டரில்' அந்தப் பாகம் தெரியவே தெரியாது. வீட்டின் ஒரு அறையை அப்படியே விட்டுவிட்டு அதன் கதவை மட்டும் சுவராகப் பூசிவிட்டதுபோல. எத்தனை ஆயிரம் வீடுகளில் இப்படி ஒரு முழு இயங்குதளம் யாருக்கும் தெரியாமல் கிடந்ததோ!

மலைக்கு மேற்கே

இப்போது தென்காசியிலிருந்து மேற்கே போவோம். செங்கோட்டை தாண்டினால் புளியரை சோதனைச்சாவடி. எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள். மலையேறினால் ஆரியங்காவு, கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர்தான்.

ஆரியங்காவுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி மாணவிக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வை அவள் லினக்ஸில்தான் எழுதினாள்.

2001இல் கேரளம் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அங்கும் பாடநூல் விண்டோஸைச் சுற்றியே இருந்தது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஆசிரியர்களின் அமைப்பும் இருந்தது. மெல்ல மெல்ல மாறி, 2008 வாக்கில் உயர்நிலைப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிட்டது.

அவர்களும் டெபியன், உபுண்டு வழிவந்த ஒன்றைத்தான் தங்கள் பாடத்துக்கு ஏற்பத் தைத்துக்கொண்டார்கள். அடித்தளத்தில் நம் பாஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சுற்றியிருந்தவற்றில். பாடநூல் அந்த இயங்குதளத்தை வைத்தே எழுதப்பட்டது. செய்முறைத் தேர்வு அதில் நடந்தது. ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஐடி ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். கணினி மக்கர் செய்தால் அவர்தான் முதல் ஆள்.

2019இல், ஐடி அட் ஸ்கூல் திட்டத்திலிருந்து உருவான கைட் நிறுவனம் அந்த இயங்குதளத்தின் புதிய பதிப்பை வெளியிட்டபோது பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அது போகிறது என்றும், உரிமத் தொகையில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சொன்னது.

நாமோ கருவியை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தோம். கேரளம் அதைச் செய்யவில்லை. அந்த வகையில் நாம் செய்தது பெரிய காரியம்; அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பீடி சுற்றும் வீட்டில் கணினி என்பது சின்ன விஷயமா? ஆனால் இரண்டு இயங்குதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பாடநூல், தேர்வு, டாங்கிள், கடை என்று எல்லாவற்றையும் ஒன்றின் பக்கமே சாயவிட்டோம். பட்டியலில் சமமாக நின்ற இரண்டு வரிகள் வெளியே ஒருநாளும் சமமாக இருந்ததில்லை. 'இரண்டும் இருக்கட்டும்' என்ற 2011ஆம் ஆண்டு முடிவைத் திருப்பம் என்று சொன்னது அதனால்தான்.

அதே ஆண்டு, அதே ஊரில்

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தத் தொடரும் இங்கே முடிந்திருக்கும். முடியவில்லை.

மடிக்கணினிகள் வந்திறங்கிய அதே காலகட்டத்தில், 2011 வாக்கில், ஒரு மென்பொருள் நிறுவனம் தென்காசியில் ஒரு வாடகை இடத்தில் சிறிய குழுவோடு அலுவலகம் திறந்தது. ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கியது. கல்லூரிப் பட்டம் கேட்காமல் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. பின்னாளில் மத்தளம்பாறையில் வளாகம் எழுந்தது. ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் தென்காசிக் குழுவின் கையில் உருவாகி உலகம் முழுக்க விற்றது.

அந்த மென்பொருளை எந்தக் கணினியிலும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியைத் திறந்தால் போதும். விண்டோஸிலும் திறக்கும், பாஸிலும் திறக்கும்.

கடிதமும் கணக்கும் நிரலும் ஒவ்வொன்றாக உலாவிக்குள் குடியேறத் தொடங்கிய காலம் அது. பாஸை வீழ்த்திய டாங்கிளும் பாடநூலும் செல்லாக்காசாகப் போகிற காலம். மேலகரத்து வீட்டின் பழைய மடிக்கணினிக்கு இனி எந்த இயங்குதளமும் போதும். அப்படியென்றால் உரிமத் தொகை இல்லாதது தானாகவே வென்றிருக்க வேண்டும் அல்லவா? இல்லை, எல்லாம் உலாவிக்குள் போய்விட்டதால், அடியில் ஓடுவது எது, அது யாருடையது என்று கேட்கும் ஆளே இல்லாமல் போயிற்றா?

(அடுத்த வாரம்: மத்தளம்பாறை)